ரெண்டு கோடு, ஒரு கடல்!

மனசைத் தொட்டுச் சொல்லுங்க பாஸ்... ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸ் லேப்ல நீங்க ரீடிங்கை 'சமைச்சதே' இல்லையா?

டார்ஷன் பெண்டுலம் அதுபாட்டுக்கு ஆடிக்கிட்டு இருக்கும். ஸ்டாப் வாட்ச் அமுக்க வேண்டிய ஃப்ரெண்ட், ஜன்னலுக்கு வெளியே யாரையோ பார்த்துக்கிட்டு இருப்பான். கணக்குப் போட்டா, புக்ல இருக்கிற விடைக்குப் பக்கத்துலகூட வராது. உடனே என்ன பண்ணுவோம்? ஃபைனல் ஆன்ஸரை முதல்ல எழுதிட்டு, அங்கேயிருந்து ரிவர்ஸ் கியர் போட்டு ரீடிங்கைக் 'கண்டுபிடிப்போம்'! நானும் பண்ணியிருக்கேன். ரெக்கார்டு நோட்டுல கையெழுத்தும் வாங்கியிருக்கேன்.

இப்போ தேர்டு இயர். மினி புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி, அதே கை அதே வேலைக்குக் கிளம்புச்சு. இந்தத் தடவை ஊசல் இல்லை, கடல்! (ஆமாம், கடலைப் பத்திதான் இந்த வாரம். அந்தக் 'கடலை'யைப் பத்தி எதிர்பார்த்து வந்தவங்க அடுத்த பக்கம் போகலாம்!)

காஞ்சிபுரத்துக்கு ஏது கப்பல்?

பெரிய காஞ்சிபுரத்துல பிறந்தவனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. எங்க தெருவுல காதுல விழுறது தறிச் சத்தம்தான், அலைச் சத்தம் இல்லை. ஆனா 2019 நவம்பர் வரைக்கும் எங்க மாவட்டத்துக்குக் கடல் இருந்தது. மாமல்லபுரம், கல்பாக்கம் எல்லாம் எங்க கணக்குலதான். செங்கல்பட்டு தனி மாவட்டமா பிரிஞ்சப்போ, கடலையும் சேர்த்துப் பிரிச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க!

அதுக்கும் முன்னாடி ஒரு நாள். 2017 ஜனவரி 28. மெரினாவுல ஜல்லிக்கட்டுக்காகக் கூட்டம் கூடின அதே மாசம். அதிகாலையில, சென்னைக்கு வடக்கே எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதிக்கிட்டது. ஒண்ணு 'பி.டபிள்யூ. மேப்பிள்'. இன்னொண்ணோட பேரு... 'டான் காஞ்சிபுரம்'!

அப்போ நான் ஆறாவது. டி.வி-யில அந்தப் பேரைப் பார்த்ததும், "அப்பா, நம்ம ஊருக்குக் கப்பல் இருக்குப்பா!"னு குதிச்சேன். அடுத்தடுத்த நாள் செய்தியைப் பார்த்தப்போ குதிக்கத் தோணலை. எண்ணெய் கசியலைன்னு முதல்ல சொன்னாங்க. ஆனா சீக்கிரமே எர்ணாவூர், திருவொற்றியூர்னு கரையெல்லாம் கறுப்பாச்சு. மெரினா, பெசன்ட் நகர்னு தெற்கே இறங்கிக்கிட்டே வந்தது. மீனவர்கள், கடலோரக் காவல் படை, காலேஜ் பசங்கன்னு எல்லோரும் சேர்ந்து, தார் மாதிரி இருந்த கசடை பக்கெட்டுல அள்ளிக்கிட்டு இருந்தாங்க. எங்க ஊர் பேரை வெச்சுக்கிட்டு ஒரு கப்பல் இப்படிப் பண்ணிடுச்சேன்னு எனக்கு ஒரே அவமானம்.

அன்னிக்கு மண்டைக்குள்ள ஏறின கேள்வி ஒண்ணுதான். எண்ணெய் ஏன் தெற்கே போச்சு? வடக்கே போயிருக்கக் கூடாதா? அது எங்கே போகும்னு முன்கூட்டியே யாராலயாவது சொல்ல முடியுமா? ஒன்பது வருஷம் போனாலும் விடாத அந்தக் கேள்விதான் என் மினி புராஜெக்ட்.

யூ டர்ன் போடுற நீரோட்டம்

கடல்ல தண்ணி சும்மா நிக்குறதில்லை. நம்ம கிழக்குக் கரையோரமா ஒரு பெரிய நீரோட்டம் ஓடுது. கடற்கரை ஊர்கள்ல இதை 'நீவாடு'ம்பாங்க, 'வெள்ளம்'னும் சொல்வாங்க. விஞ்ஞானிகள் வெச்ச பேரு கிழக்கு இந்தியக் கரையோர நீரோட்டம். மார்ச், ஏப்ரல்ல இது வடக்கே ஓடும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் தெற்கே ஓடும். வேகம் சில சமயம் விநாடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டும். வருஷா வருஷம் இப்படி அப்படியே திரும்புற நீரோட்டம் உலகத்துல ரொம்ப அபூர்வம்.

"காத்து எந்தப் பக்கம் வீசுதோ, அந்தப் பக்கம் ஓடுது. இதுல என்ன இருக்கு?"னு என் டீம்மேட் கேட்டான். அங்கேதான் மேட்டரே! உள்ளூர் காத்து மட்டும் காரணம் இல்லை. எங்கேயோ பூமத்திய ரேகைப் பக்கம் வீசுற காத்து கிளப்பிவிடுற அலை, வங்காள விரிகுடாவோட கரையை ஒட்டியே சுத்தி வந்து, சென்னைக்கு எதிர்ல ஓடுற தண்ணியையும் அசைக்கும். அதனால கரையில நின்னு துண்டைத் தூக்கிக் காத்து பார்த்தா போதாது. முழு கடலையும் கணக்குல எடுத்துக்கணும். அதுக்குத்தான் கம்ப்யூட்டர் மாடல்.

மாடல்னா என்ன? எங்க ஊர் பாஷையில சொல்றேன். பட்டுப் புடவையில அன்னமோ மயிலோ விழணும்னா, முதல்ல அதை கிராஃப் பேப்பர்ல கட்டம் கட்டமா வரைவாங்க. அந்தக் கட்டங்களைப் பார்த்து அட்டையில ஓட்டை போடுவாங்க. ஜக்கார்டு பெட்டி அந்த ஓட்டைகளைப் படிச்சு, எந்த இழை மேலே தூக்கணும்னு முடிவு பண்ணும். கட்டம் பெருசா இருந்தா அன்னத்தோட கழுத்து படிக்கட்டு மாதிரி வரும். கட்டம் சின்னதாக ஆக, வளைவு அழகா வரும்.

கடல் மாடலும் அதே கிராஃப் பேப்பர்தான். கடலைக் கட்டங்களா பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் காத்து, வெப்பம், உப்பு, அழுத்தம் எல்லாத்தையும் போட்டு, தண்ணி அடுத்து எந்தப் பக்கம் நகரும்னு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் சமன்பாட்டை வெச்சுக் கணக்குப் போடுவாங்க. நாங்க இலவசமா டவுன்லோடு பண்ணின அமெரிக்காவோட 'ஹைகாம்' மாடல்ல ஒரு கட்டம் சுமார் 9 கிலோ மீட்டர். அதாவது, ஏகாம்பரநாதரும் வரதராஜப் பெருமாளும் ஒரே கட்டத்துக்குள்ள உட்கார்ந்திருப்பாங்க! பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம்னு வித்தியாசமே அதுக்குத் தெரியாது. ஹைதராபாத்துல இருக்கிற 'இன்காய்ஸ்', அதாவது இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், நம்ம கடலோரத்துக்குன்னு வெச்சிருக்கிற மாடல்ல கட்டம் ரெண்டு கிலோ மீட்டரை ஒட்டி. அதுல சாமிகள் தனித்தனியா தெரிவாங்க!

ஓட்டை சாக்ஸும் ஒரு ஜோடி ஷூவும்

கிராஃப்ல வரைஞ்சது புடவையில விழுந்திருக்கான்னு பார்க்கணும் இல்லையா? அதுக்கு நிஜக் கடலை அளக்கணும். எப்படி அளக்கிறாங்கன்னு தேடினப்போ கிடைச்சதெல்லாம் செம சுவாரஸ்யம்!

எங்க பழைய மாவட்டத்துல இருந்தே ஆரம்பிக்கலாம். கல்பாக்கத்துலயும் கடலூர்லயும் கரையில ரேடியோ ரேடார் வெச்சிருக்காங்க. அது அனுப்புற ரேடியோ அலை, கடல் அலையில பட்டுத் திரும்பும். தண்ணி கிட்ட வந்தா திரும்புற அலையோட அதிர்வெண் கூடும், விலகிப் போனா குறையும். ரயில் ஹாரன் கிட்ட வரும்போது ஒரு மாதிரியும், தாண்டிப் போகும்போது ஒரு மாதிரியும் கேட்குமே, அதே டாப்ளர் விளைவுதான். ஒரு ரேடார், 'கிட்ட வருதா, தள்ளிப் போகுதா'ன்னு மட்டும்தான் சொல்லும். ரெண்டு ரேடார் சொல்றதையும் சேர்த்தாத்தான் திசை கிடைக்கும். கரையில இருந்து சுமார் 200 கிலோ மீட்டர் தூரம் வரை பார்க்கும்.

இது மேல்தண்ணிக்கு. உள்ளே ஓடுறதை அளக்க, கோவாவுல இருக்கிற தேசியக் கடலியல் நிறுவனம் கடலூர், காக்கிநாடா, கோபால்பூர் பக்கம் கடலுக்குள்ள கருவிகளை நங்கூரம் போட்டு நிறுத்தியிருக்கு. அதுங்க ரேடியோவுக்குப் பதிலா ஒலியை வெச்சு அதே டாப்ளர் வேலையைச் செய்யும்.

மூணாவதுதான் எங்க ஹீரோ, மிதவை. ஒரு பந்து தண்ணி மேல மிதக்கும். அது எங்கே இருக்குன்னு செயற்கைக்கோள் குறிச்சுக்கிட்டே இருக்கும். காத்து தள்ளிக்கிட்டுப் போயிடக் கூடாதுன்னு, 15 மீட்டர் ஆழத்துல நீளமான துணிக் குழாய் ஒண்ணு தொங்கும். அந்தக் குழாய் முழுக்க ஓட்டை. அதுக்குச் செல்லப் பேரே 'ஓட்டை சாக்ஸ்'! (ஹாஸ்டல்ல தேடினா நூறு கிடைக்கும்.) உலகம் முழுக்கக் கடல்கள்ல இப்படி ஆயிரத்துக்கும் மேல மிதந்துக்கிட்டு இருக்கு. டேட்டா யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்.

மிதவை இல்லைன்னாலும் கவலை இல்லை, ஷூ போதும்! 1990 மே 27-ம் தேதி, பசிபிக் கடல்ல 'ஹான்ஸா கேரியர்'ங்கிற கப்பல் புயல்ல மாட்டி, நைக்கி ஷூ இருந்த கன்டெய்னர்கள் கடல்ல விழுந்துச்சு. சுமார் 61,000 ஷூ! மாசக்கணக்கா மிதந்து, அமெரிக்கா, கனடா கரைகள்ல ஒத்தை ஒத்தையா ஒதுங்குச்சு. கர்ட்டிஸ் எபஸ்மேயர், ஜேம்ஸ் இங்கிரகாம்னு ரெண்டு கடலியல் ஆளுங்க, எந்த ஷூ எங்கே எப்போ ஒதுங்குச்சுன்னு குறிச்சு வெச்சாங்க. ஷூவுக்குள்ள இருந்த நம்பரை வெச்சு, அது இந்தக் கப்பல்ல வந்ததுதான்னு உறுதிப்படுத்திக்கிட்டாங்க. அப்புறம் அதை இங்கிரகாமோட கம்ப்யூட்டர் மாடலோட ஒப்பிட்டாங்க. மாடல் பாஸ்! கரையோர ஜனங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? ஒண்ணுகூடி, இடது கால் ஷூவையும் வலது கால் ஷூவையும் மாத்திக்கிட்டு ஜோடி சேர்த்துப் போட்டுக்கிட்டாங்க!

ஏழுல ரெண்டு

எங்க புராஜெக்ட் இதேதான். வங்காள விரிகுடாவுல சுத்தின ஏழு மிதவைகளை எடுத்துக்கிட்டோம். மிதவை கிளம்பின அதே இடத்துல, அதே நேரத்துல, மாடல் கடல்ல ஒரு பொய் மிதவையை விட்டோம். பைத்தான்ல ஒரு சின்ன புரோகிராம். மாடல் எந்தப் பக்கம் தண்ணி ஓடுதுன்னு சொல்லுதோ, அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்து, மறுபடி கேளு, மறுபடி நகர்த்து. நிஜ மிதவைக்கு நீலக் கோடு. பொய் மிதவைக்குச் சிவப்புக் கோடு.

முதல் நாள் ரெண்டும் ஒட்டிக்கிட்டே போகும். ரெண்டாவது நாள் லேசா விலகும். அப்புறம் நீலம் ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம். பிரேக் அப் ஆன ஜோடி மாதிரி!

'கருட சேவை' கூட்டத்துல நீங்களும் ஃப்ரெண்டும் கைகோத்து நிக்குறீங்கன்னு வெச்சுக்குங்க. கையை விட்டா, ஒரு அடி இடைவெளிதான். அஞ்சு நிமிஷம் கழிச்சு நீங்க ராஜவீதியில, அவர் வேற ஏதோ சந்துல. கடலும் அப்படித்தான். அங்கங்கே சுழல் இருக்கும். சுழலுக்கு இந்தப் பக்கம் இருந்தா வடக்கே, அந்தப் பக்கம் இருந்தா தெற்கே. மாடல் அந்தச் சுழலைக் கொஞ்சம் தள்ளி வெச்சுட்டாலும் கதை கந்தல்.

ஏழுல ரெண்டே ரெண்டுதான் அழகா பொருந்துச்சு. நாலு, சில நாள் பொருந்திட்டு விலகுச்சு. ஒண்ணு, முதல் நாள்ல இருந்தே சுத்தமா சம்பந்தம் இல்லாம ஓடுச்சு.

ரிவ்யூ மறுநாள் காலையில. ராத்திரி பதினோரு மணிக்கு டீம்மேட் போன் பண்ணினான். "மச்சி, பொருந்தின ரெண்டை மட்டும் ஸ்லைடுல போடு. மீதி அஞ்சை யாரு கேட்கப்போறா?"

பொய் சொல்லச் சொல்லலை பாருங்க. இருக்கிற உண்மையில பாதியைக் காட்டச் சொன்னான். எனக்கும் அது தப்பாவே தோணலை. அஞ்சு ஸ்லைடை டெலீட் பண்ணிட்டேன்.

தண்ணி குடிக்க எழுந்து வந்தா, அப்பா தறிக் குழியில உட்கார்ந்து, நெய்ததைப் பிரிச்சுக்கிட்டு இருந்தார். முந்தானையில ஒரு புட்டா கோணலா விழுந்திருக்கு. உத்துப் பார்த்தாத்தான் தெரியும்.

"யாருப்பா இதைப் பார்க்கப்போறா?"ன்னேன்.

"கட்டுறவங்க பார்க்காம இருக்கலாம்டா. ஆனா இது ஏன் கோணுச்சுன்னு எனக்குத் தெரியணுமே! அட்டை தப்பா, இல்லை இழை அறுந்திருக்கா? அட்டை தப்புன்னா அடுத்த புட்டாவும் கோணும், அதுக்கு அடுத்ததும் கோணும்"னார், தலையைத் தூக்காமலே.

ரூமுக்கு வந்து, அஞ்சு ஸ்லைடையும் திரும்பப் போட்டேன். டீம்மேட்டுக்குச் சொல்லலை. (காலையில திட்டு வாங்கினது தனிக் கதை.)

சாக்ஸ் கழன்ற கதை

ரிவ்யூவுல மேடம் கேட்ட முதல் கேள்வியே, "இந்த அஞ்சு ஏன் பொருந்தலை?"

"தெரியலை மேடம்."

"டேட்டாவோட ஒரு விளக்கக் குறிப்பு வந்திருக்குமே, படிச்சீங்களா?"

படிக்கலை. ஒரு வாரம் டைம் கொடுத்தாங்க. பல்பு வாங்கின முகத்தோட வெளியே வந்து, அன்னிக்கு ராத்திரியே படிச்சோம். படிக்கப் படிக்க, ரெண்டு பேரும் தலையில கை வெச்சுக்கிட்டோம்!

முதல் விஷயம். சுத்தமா பொருந்தாத அந்த ஏழாவது மிதவைக்கு, நாங்க எடுத்த தேதிக்கு முன்னாடியே ஓட்டை சாக்ஸ் கழன்று போயிடுச்சு! கழன்ற தேதி ஃபைல்லயே இருக்கு. சாக்ஸ் இல்லாத மிதவையைத் தண்ணி மட்டும் இழுக்குறதில்லை, காத்தும் அலையும் சேர்ந்து தள்ளும். தப்பு மாடல்ல இல்லை, அளவுல! இது எங்களுக்கு மட்டும் நடந்தது இல்லை. சாக்ஸ் கழன்றது தெரியாமலே பல மிதவைகளோட கணக்கை எடுத்துக்கிட்டதால, கடலோட போக்கே மாறுதுன்னு விஞ்ஞானிகளே ஏமாந்து, பத்து பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி பழைய டேட்டாவைத் திரும்ப ஆராய்ஞ்சு திருத்தியிருக்காங்க.

ரெண்டாவது விஷயம். இது முழுக்க எங்க முட்டாள்தனம். மிதவை காட்டுறது 15 மீட்டர் ஆழத்து நீரோட்டம். நாங்க மாடல்ல எடுத்தது கடலோட மேல்மட்டத்தை. ஆழத்தை மாத்திப் போட்டதும், நாலுல ரெண்டு கோடு நிஜத்துக்குக் கிட்ட வந்துச்சு.

மீதி ரெண்டு? கடைசி வரைக்கும் பொருந்தலை. அங்கே ஒரு சுழலை மாடல் தள்ளி வெச்சிருக்கு. ரிப்போர்ட்டுல அப்படியே எழுதினோம்.

யோசிச்சுப் பாருங்க. அந்த அஞ்சு ஸ்லைடை நான் திரும்பப் போடலைன்னா, சாக்ஸ் கழன்றதும் தெரிஞ்சிருக்காது, ஆழம் தப்புன்னும் தெரிஞ்சிருக்காது. பொருந்தின ரெண்டு கோடு எங்களுக்கு ஒண்ணுமே கத்துக்கொடுக்கலை!

ஒரு படகு எந்தப் பக்கம் போகணும்?

'மார்க்குக்காக ஒரு மினி புராஜெக்ட். இதுக்கு இவ்வளவு சீனா?'ன்னு நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன், 'சாராட்' பத்திப் படிக்கிற வரைக்கும்.

2016-ல இன்காய்ஸ் கொண்டுவந்த கருவி அது. கடல்ல ஒருத்தர் காணாமப் போயிட்டா, கடைசியா எங்கே, எப்போ இருந்தார், காணாமப் போனது ஆளா, படகா, எந்த மாதிரிப் படகுன்னு கொடுக்கணும். 60 வகை இருக்கு. லைஃப் ஜாக்கெட் போட்ட ஆளை நீரோட்டம் இழுக்குற விதம் வேற, கவிழ்ந்த படகை இழுக்குற விதம் வேற. தமிழ்லயும் இருக்கு. நாங்க ஒரு பொய் மிதவை விட்டோமே, அதே மாதிரி அது நிறைய விடும், ஒவ்வொண்ணையும் கொஞ்சம் கொஞ்சம் மாத்தி. கடைசியில, 'இந்த இடத்துல இருக்க வாய்ப்பு அதிகம், இங்கே முதல்ல தேடுங்க'ன்னு மேப்ல காட்டும். எண்ணெய் கசிஞ்சாலும் இதே மாதிரி நீரோட்டக் கணிப்பை வெச்சுத்தான் எந்தக் கரைக்கு வரும்னு சொல்வாங்க. எண்ணூர் கசிவையே எடுத்து, மாடல் சொன்ன பாதையைச் செயற்கைக்கோள் படத்தோட ஒப்பிட்டு இன்காய்ஸ் விஞ்ஞானிகள் ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்காங்க.

இப்போ சொல்லுங்க. அந்த மாடலைச் சரிபார்க்கிற யாரோ ஒருத்தர், பொருந்தாத அஞ்சு கோட்டை டெலீட் பண்ணியிருந்தா? தேடப் போற படகு, தப்பான பக்கம் போகும். தண்ணியில இருக்கிறவர் எத்தனை மணி நேரம் தாங்குவார்?

ரெக்கார்டு நோட்டுல நாம சமைக்கிற ரீடிங்ல யாரும் மூழ்கப் போறதில்லைதான். ஆனா அதே கைதான் நாளைக்கு எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் முன்னாடி உட்காரப் போகுது. அடுத்த லேப்ல விடை புக்கோட பொருந்தலைன்னா, வந்ததை அப்படியே எழுதுங்க. கீழே 'ஏன்?'னு ஒரு கேள்விக்குறி போட்டு, ரெண்டு வரி யோசிங்க. ரெண்டு மார்க் போகலாம்... போகட்டுமே!

எங்களுக்கு இன்டர்னல் எவ்வளவுன்னு கேட்காதீங்க, ப்ளீஸ். ஏழு கோடும் இருக்கிற மேப்பை தறி பக்கத்துச் சுவத்துல ஒட்டியிருக்கேன். சுழல்ல மாட்டின மிதவையோட நீலக் கோடு, வளைஞ்சு வளைஞ்சு சுத்தியிருக்கும். அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "மாங்கா புட்டா மாதிரி இருக்கேடா... கிராஃப்ல போட்டுப் பார்க்கவா?"ன்னார்.

போடச் சொல்லியிருக்கேன். புடவையில எப்படி விழுதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்.

அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!